பழைய கெப்பை வீட்டிலேயே திருத்துவது: திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்றை முற்றத்தில் நிறுத்தித் திருத்தி, மறுபடி ரோட்டில் விட்ட பிறகு இதை எழுதுகிறேன். எதை முதலில் தொடுவது, எதற்குக் காசு ஒதுக்குவது, எந்தக் கடதாசியை எங்கே கேட்பது என்று விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் முப்பது வயதுக் கெப்புக்கும் இன்னும் நல்ல விலை கேட்கிறார்கள். வாங்கியவர் முதலில் பெயின்ட் அடிப்பார், அப்புறம் அலோய் வீல், அப்புறம் பாட்டு செட். கந்தளாய் தாண்டமுன் என்ஜின் கொதிக்கும்போதுதான் மற்றதெல்லாம் ஞாபகம் வரும். கடல் காற்று அடிக்கிற ஊரில் வேலையின் வரிசை இதுதான்: கடதாசி, செசி (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), பிரேக், கூலிங், என்ஜின், வயரிங். பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

ரூபாயில் விலை எழுதவில்லை. எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். எது எதைவிடச் செலவு என்று சொல்கிறேன். தொகையை இரண்டு கடையில் கேட்டுப் பாருங்கள்.

1. சாவியைக் கையில் எடுக்க முன் கடதாசி

பதிவுப் புத்தகத்தை, அதாவது சி.ஆரை, கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போங்கள். ஹைலக்ஸில் செசி நம்பர் வலது முன் சில்லுக்குப் பக்கத்தில் செசியிலேயே அடித்திருக்கும். வயர் பிரஷால் தேய்த்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். நம்பர் துருவில் அழிந்திருந்தால், அல்லது அதைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தால், அந்த வண்டி வேண்டாம். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

என்ஜின் நம்பர் வேறாக இருப்பது பழைய கெப்புகளில் சாதாரணம். யாரோ ஒரு காலத்தில் ரிகண்டிஷன் என்ஜின் போட்டு, பதியாமல் விட்டிருப்பார்கள். இதைச் சரிசெய்ய என்ஜின் வாங்கிய பற்றுச்சீட்டும் அது நாட்டுக்குள் வந்த ஆவணங்களும் வேண்டும். வாகனப் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்திடவும் வேண்டும். இவை பழைய சொந்தக்காரரிடம்தான் இருக்கும். காசு கைமாற முன் அவரையே சரிசெய்யச் சொல்லுங்கள். காசு போன பிறகு தொலைபேசி எடுக்கமாட்டார்கள்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் நம்பரைக் கொடுத்து, சிறு கட்டணம் கட்டினால், வண்டியின் விபரம் வரும். அதில் பார்க்கவேண்டியது முழு உரிமையாளர் என்ற இடம். அங்கே நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான விடுவிப்புக் கடிதம் வேண்டும். கடன் எப்போதோ முடிந்திருக்கும், கடிதம் மட்டும் எடுத்திருக்கமாட்டார்கள். இது அடிக்கடி நடப்பது.

அடுத்த பொறி ஓபன் பேப்பர். கையெழுத்திட்ட படிவம் மூன்று நாலு கை மாறி உங்களிடம் வரும். முதல் சொந்தக்காரர் கனடாவில் இருப்பார், அல்லது இறந்திருப்பார். சட்டப்படி புதிய உரிமையாளர் 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். எந்த வேலை மாவட்ட அலுவலகத்திலேயே முடியும், எது நாரஹேன்பிட்டித் தலைமையகத்துக்குப் போகும் என்று முதலில் தொலைபேசியில் கேளுங்கள். ஒரு கொழும்புப் பயணம் மிச்சமாகும்.

இன்னும் இரண்டு வரி பாருங்கள். வாகன வகுப்பு ‘இரட்டைப் பயன்பாடு’ என்றிருக்கிறதா, ‘மோட்டார் லொறி’ என்றிருக்கிறதா? லொறி என்றால் வருடாவருடம் தகுதிச் சான்றிதழும் எடுக்கவேண்டும். நிறமும் சி.ஆரில் இருக்கும், வேறு நிறம் அடிக்க ஆசையென்றால் அதையும் பதியவேண்டும். அதே நிறத்தையே அடித்தால் ஒரு வேலை குறைவு.

பல வருடம் ஓடாமல் நின்ற வண்டியென்றால் வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் நிலுவை என்று பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். தண்டமும் சேர்ந்தால் அது சிலவேளை நாலு டயர் விலையைத் தொடும். பேரம் பேசும்போதே இதைக் கழியுங்கள்.

2. எந்த மாதத்தில் தொடங்குவது

செசியும் பெயின்டும் மாசி முதல் சித்திரை வரை. மழை ஓய்ந்திருக்கும், காற்றும் குறைவு. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் பின்னேரங்களில் புழுதி வந்து ஈரப் பெயின்டில் ஒட்டும். கார்த்திகை முதல் தை வரை வாடை மழையில் இரும்பைத் தேய்த்து வைத்தால் மறுநாள் காலையே மஞ்சள் பூத்திருக்கும். அந்த மாதங்களில் கூரைக்குக் கீழே என்ஜின் வேலை பாருங்கள்.

சித்திரை வருடப்பிறப்பைக் கணக்கில் எடுங்கள். அதற்கு முதல் இரண்டு வாரம் எந்தக் கராஜிலும் இடம் கிடைக்காது. அதற்குப் பின் ஒரு வாரம் லேத், டிங்கரிங் எல்லாம் பூட்டு. லேத்தில் கொடுக்கவேண்டியதைப் பங்குனி நடுப்பகுதிக்குள் கொடுத்துவிடுங்கள்.

3. முற்றம்

நம் வீட்டு முற்றங்கள் மணல். ஜக் மணலில் சரியும். தடித்த பலகையோ இரும்புத் தகடோ போட்டு அதன்மேல் ஜக், பக்கத்தில் ஜக் ஸ்டாண்ட். சீமெந்துக் கல்லை ஒருபோதும் முட்டுக் கொடுக்காதீர்கள். அது மெதுவாக நசியாது, சொல்லாமல் பொடியும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவும் வேண்டாம்.

ஸ்பானர் சாவிகளில் 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் இருந்தால் டொயோட்டாவில் பெரும்பாலான வேலை நடக்கும். சில்லு நட்டுக்கு 21. ஒரு கிரைண்டர், வயர் கப் பிரஷ், மல்டிமீட்டர், டோர்க் சாவி (அளவு பார்த்து இறுக்குவது) ஒன்று இரவலாகவாவது. கழற்றும் ஒயிலை மணலில் ஊற்றாதீர்கள். இங்கே கிணறுகள் ஆழமில்லை, நேரே தண்ணீருக்குப் போகும். கானில் சேர்த்துச் சேர்விஸ் நிலையத்தில் கொடுக்கலாம்.

4. செசி: காசும் நேரமும் இங்கேதான்

இந்த ஊரில் வாங்கும் கெப் ஒரு காலத்தில் மீன் ஏற்றியதா என்று கட்டாயம் கேளுங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தட்டு ஓட்டை வழியாகச் செசிக்குள் இறங்கும். செசி உள்ளே கூடான பெட்டி. அடியில் உள்ள வடிகால் துளைகள் சேற்றால் அடைபட்டிருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளேயே கிடக்கும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே கறையான் தின்ற மரம் மாதிரி ஆகிவிடும். படகு இழுக்க உப்புவெளி, நிலாவெளிக் கரையில் இறக்கிய வண்டிக்கும் இதே நோய்தான்.

பார்க்கும் முறை: சின்னச் சுத்தியலால் செசி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், அரித்தது மந்தமாகக் கேட்கும். மந்தமான இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். பின் சில்லுக்கு மேலே வளையும் பகுதி, ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட், கெபின் உட்காரும் மவுன்ட், இந்த மூன்றும்தான் முதலில் போகும்.

பின் தட்டைக் கழற்றிப் பாருங்கள் என்பேன். போல்ட் துருவேறி வராது. கிரைண்டரால் வெட்டிவிட்டு 8.8 தரப் புது போல்ட் போடலாம். நாலு பேர் பிடித்தால் தட்டு இறங்கிவிடும். செலவு அவர்களுக்கு ஒரு மத்தியானச் சாப்பாடு. தட்டை இறக்காமல் செய்யும் செசி வேலை எல்லாம் கண்துடைப்பு.

துருவுக்கு மருந்து போட முன் உப்பைக் கழுவவேண்டும். குழாய்த் தண்ணீரை வடிகால் துளை வழியாக உள்ளே பீய்ச்சி, காயவிட்டு, திரும்பப் பீய்ச்சுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் கழுவாததற்குச் சமம். உப்பு மிஞ்சினால் எத்தனை கோட் அடித்தாலும் ஆறு மாதத்தில் கொப்பளிக்கும். காய்ந்த பின் வயர் பிரஷ், துரு மாற்றி, அதே நாளில் எபொக்சி பிரைமர், மேலே பெயின்ட். இரவு தாண்டவிடாதீர்கள், காற்றிலுள்ள உப்பு ஈரமே போதும். பெட்டிக்குள்ளே நீளக் குழாய் வைத்து மெழுகு வகைத் துருத்தடுப்பு அடியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. துருவுக்கு மேலே நேரே தார் அடிப்பார்கள். பார்க்கக் கறுப்பாக அழகாயிருக்கும், ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து இன்னும் வேகமாக அரிக்கும். விற்பனைக்கு நிற்கும் வண்டியில் புதுத் தார் கண்டால் சந்தேகப்படுங்கள். அடுத்தது, கழிவு ஒயில் அடிக்கும் பழக்கம். ரப்பர் புஷ்கள் ஊதிப்போகும், பிரேக்கில் பட்டால் ஆபத்து.

ஓட்டை விழுந்த இடத்துக்கு வெல்டிங். இதை அனுபவமுள்ள பாஸிடம் விடுங்கள். ஆனால் ஆயத்தம் உங்களுடையது. டீசல் தாங்கியையும் குழாய்களையும் கழற்றி வையுங்கள், பெட்டரியையும் ஒல்டர்னேட்டரையும் இணைப்பு நீக்குங்கள், இரும்பை வெள்ளையாகத் தேய்த்து வையுங்கள். கூலி நன்றாகக் குறையும், ஏனென்றால் நாள் முழுக்க எடுப்பது தேய்ப்புத்தான். ஒட்டுத் தகட்டின் முனை நேராக இல்லாமல் சரிவாக வெட்டியிருக்கவேண்டும். செசிக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் இழுத்தால் பாரம் ஏற்றும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும்.

இரண்டு பக்கச் செசியும் பின்னால் போயிருந்தால், அல்லது ஸ்டியரிங் பொக்ஸ் மாட்டும் இடத்தில் விரிசல் இருந்தால், திருத்தாதீர்கள். வேறு செசி வாங்கிப் பழைய நம்பரை வெட்டி ஒட்டித்தருவதாகச் சிலர் சொல்வார்கள். அது குற்றம். வண்டியைப் பாகம் பாகமாக விற்பதே மேல்.

5. பிரேக்

செலவு குறைவு, தவறவிட முடியாதது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றவேண்டும். பழைய கெப்பில் முதல் நாளே மாற்றுங்கள். பின் டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டரின் தூசி ரப்பரைத் தூக்கிப் பாருங்கள்; ஈரம் கண்டால் புது சிலிண்டர்.

இரும்புப் பிரேக் குழாய்களைக் கையால் தடவுங்கள். சொரசொரப்பாக உரிந்தால் மாற்றவேண்டும். சாதாரண செம்புக் குழாய் போட்டுத் தருவார்கள், வேண்டாம். பிரேக்குக்கென்றே விற்கும் குழாய்தான். குழாயிலுள்ள காற்றை எடுக்கும்போது பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் பின் இடது சில்லில் தொடங்கி, கடைசியாக முன் வலதுக்கு வாருங்கள்.

பின் அச்சுக்கு மேலே பாரத்துக்கு ஏற்பப் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று, ஒரு கம்பியோடு இருக்கும். கடல் ஊர் வண்டிகளில் இது துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். யாரும் பார்ப்பதில்லை. கம்பியை அசைத்து, வால்வு நகர்கிறதா என்று பாருங்கள்.

6. சூடு

வெயில் 35 பாகையைத் தாண்டும் ஊரில் பழைய டீசலைக் கொல்வது பெரும்பாலும் ஓட்டமல்ல, சூடுதான். ஹெட் (என்ஜினின் மேல் பாகம்) வெடித்தால் வரும் செலவு, ரேடியேட்டர், ஹோஸ், மூடி, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீர்ப் பாதையைத் திறக்கும் வால்வு) எல்லாம் சேர்ந்த செலவைவிடப் பல மடங்கு.

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த என்ஜினில் திறந்து பாருங்கள். சிவப்புச் சேறு என்றால் இதுவரை கிணற்றுத் தண்ணீர்தான் ஓடியிருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். பழைய செம்பு ரேடியேட்டர் என்றால் வீசிவிடாதீர்கள். மேல் தாங்கியைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம், முடியாவிட்டால் உள்ளே இருக்கும் குழாய்த் தொகுதியை மட்டும் மாற்றலாம். மலிவான அலுமினியம் பிளாஸ்டிக் புதுசைவிட இது நின்று உழைக்கும். நிரப்பும்போது கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி.

‘இந்த ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு’ என்று கழற்றிவிட்ட வண்டிகள் ஏராளம். பல டீசல் என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு குறுக்கு வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். பாரத்தில் ஏறும்போது சூடு கூடும், குறையாது. புதுசு வாங்கினாலும் பானைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். மேலே அடித்திருக்கும் பாகையில், பெரும்பாலும் 82க்குக் கிட்ட, திறக்கத் தொடங்கவேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்த உடனேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அல்லது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால், ஹெட் கஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகம். கழற்றினால் கஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடாதீர்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்து விரிசல் சோதித்து, மட்டம் பார்த்து எடுங்கள். திரும்பக் கழற்றும் கூலி அதைவிட அதிகம்.

7. என்ஜின்

உங்கள் என்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்டா, கியரா? ஹைலக்ஸின் 2 எல், 3 எல் என்ஜின்களில் பெல்ட். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மிட்சுபிஷி எல் 200இன் 4 டி 56இல் பெல்டோடு பலன்ஸ் தண்டுக்கு இன்னொரு சின்ன பெல்ட். சின்னது அறுந்து பெரியதில் சிக்கினாலும் கதை முடிந்தது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நிசான் டி.டி. 27இல் கியர், அந்தக் கவலையில்லை. பழைய வண்டியில் மீட்டரை நம்பாதீர்கள். பெல்ட் எப்போது மாற்றியது என்று கடதாசியில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வையுங்கள். டென்ஷனர் பேரிங்கும் கூடவே.

ஒயில் 15 டபிள்யூ 40 டீசல் ஒயில், எந்த வித்தையும் வேண்டாம். ஒயில் பில்டர், டீசல் பில்டர், எயார் பில்டர் மூன்றும் ஒரே நாளில். டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு உண்டு, திறந்து வடியுங்கள். டீசலோடு மண்ணெண்ணெய் கலப்பது டீசல் பம்புக்கு நஞ்சு, ஏனென்றால் பம்புக்கு மசகு அந்த டீசல்தான். பம்பில் சீல் வைத்த திருகைத் திருப்பிப் ‘பிக்கப்’ கூட்டித் தருவதாக யாராவது சொன்னால், சிரித்துவிட்டு வாருங்கள்.

8. சாமான் வாங்குவது

பில்டர், பெல்ட், பிரேக் ஷூ, பேரிங் எல்லாம் டவுனிலேயே கிடைக்கும். வண்டியின் பொடி (வெளிக்கூடு) பாகம், கியர் பொக்ஸ், பாவித்த ஜப்பான் சாமான் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை. போகாமலே எடுக்கலாம்: பழைய பாகத்தின் படம், அதில் அடித்த நம்பர், வண்டியின் செசிக் குறியீடு மூன்றையும் அனுப்பி, திரும்பப் படம் வாங்கி ஒப்பிட்ட பிறகே காசு போடுங்கள். பஸ்ஸில் பார்சல் போட்டால் மறுநாள் கையில். ‘ஹைலக்ஸ்’ என்று மட்டும் சொன்னால் வேறு ஆண்டுச் சாமான் வந்து நிற்கும். பொருத்திப் பார்க்க எத்தனை நாள், பொருந்தாவிட்டால் மாற்றித்தருவார்களா என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பாவித்த என்ஜின் என்றால் அதன் நம்பர் பற்றுச்சீட்டில் இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

9. வயரிங்

ஸ்டார்டர் மெதுவாகச் சுற்றினால் பெட்டரி வாங்க ஓடாதீர்கள். எர்த் வயரின் இரண்டு முனையையும் கழற்றி வெள்ளையாகத் தேய்த்துப் பூட்டுங்கள், மேலே கிறீஸ் தடவுங்கள். உப்புக் காற்றில் பாதிக் கரைச்சல் அங்கேதான். நிறைந்த பெட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரவேண்டும்.

ஹெட் லைட்டுக்கு ரிலே (பெட்டரி மின்சாரத்தை நேரே விளக்குக்கு விடும் சிறு மின் சுவிட்ச்) போடுங்கள். பழைய சுவிட்ச் வழியாக வரும் மின்சாரம் பாதி வழியில் களைத்துவிடும்; ரிலேயும் தடித்த வயரும் போட்டால் அதே 55/60 வாட் பல்ப் இரண்டு மடங்கு வெளிச்சம் தருவதுபோலிருக்கும். ஹபரணைப் பாதையில் இரவில் யானை, நம்ம பக்கம் எங்கும் மாடு. ஹலோஜன் கண்ணாடிக்குள் எல்.ஈ.டி. பல்ப் போட்டால் எதிரே வருபவரின் கண்தான் போகும்.

10. கூட்டி அமைப்பது

நல்ல டயர், நல்ல ஷொக், சீற் பெல்ட். பின் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூட்டுவது பாரம் ஏற்றுபவருக்குச் சரி. ஆனால் பின்பக்கம் உயர்ந்தால் மேலே சொன்ன பிரேக் வால்வு ‘வண்டி வெறுமை’ என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைக்கும். கம்பியைத் திரும்ப அளந்து வைக்கவேண்டும், ஹெட் லைட்டையும் தாழ்த்தவேண்டும். டர்போ பொருத்தும் ஆசையை விடுங்கள். பழைய ஹெட் தாங்காது. எந்த மாற்றம் செய்தாலும் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

பெயின்ட் காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்: பனி காய்ந்திருக்கும், காற்று எழும்பியிருக்காது.

11. புகைப் பரிசோதனையும் வருமான அனுமதிப்பத்திரமும்

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். டீசல் வண்டிக்குப் பரிசோதனையில் அக்சிலேட்டரை முழுதாக மிதித்து என்ஜினை உச்சத்துக்கு ஏற்றுவார்கள். பழைய டைமிங் பெல்ட் அறுவது அப்போதுதான். அதனால்தான் 7ஆம் படி முதலில். போக முன் எயார் பில்டரும் ஒயிலும் புதுசாக இருக்கட்டும், இருபது நிமிடமாவது ஓட்டி என்ஜினைச் சூடாக்கிக்கொண்டு போங்கள். கறும்புகை நிற்காவிட்டால் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பம்ப் கடையில் அழுத்தம் பார்க்கக் கொடுங்கள். பொருத்தும்போது புதுச் செம்பு வாஷர். பழைய பத்திரம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே இதைத் தொடங்கினால், முதல் தடவை தவறினாலும் தண்டம் கட்டவேண்டியதில்லை.

12. முதல் ஓட்டம்

நேரே கொழும்புக்குக் கிளம்பாதீர்கள். முதலில் கன்னியா வரை போய்த் திரும்பி, அடியில் ஒயில் கசிவு, தண்ணீர் மட்டம், நாலு சில்லின் சூடு பாருங்கள். ஒரு சில்லு மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பிரேக் இறுகியிருக்கிறது. அடுத்து நிலாவெளி, அப்புறம் தட்டில் கொஞ்சம் பாரத்தோடு கந்தளாய். நூறு கிலோமீட்டர் ஓடியதும் சில்லு நட், ஸ்பிரிங் யூ போல்ட், தட்டு போல்ட் எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள். ஆயிரத்தில் என்ஜின் ஒயிலையும் பில்டரையும் இன்னொரு தடவை மாற்றுங்கள், முதல் ஒயில் உள்ளே கிடந்த அழுக்கையெல்லாம் கழுவி எடுத்திருக்கும்.